வரிசையில் மூன்று காலுக்கு ஓர் இடம்

வரிசையில் நிற்க முடியாமல் போவதும் ஒரு நோய்தான் என்று இருபத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியாது. தெரிந்தபோது அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது, மாத்திரை இருந்தது, தலையில் மாட்டுகிற ஒரு கறுப்புக் கண்ணாடியும் இருந்தது. இப்போது எங்கள் முகாமிலிருந்து இன்னும் நான்கைந்து பிள்ளைகள் அந்தக் கண்ணாடியை மாட்டப் போகிறார்கள். "உள்ளுக்கு என்ன தெரியும் அக்கா? கரண்ட் அடிக்குமா?" என்று தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக் கேட்கிறார்கள். பேசுவதில் நான் சலிக்காதவள். எனக்கே வாய் வலிக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் நிரோஜா. வன்னியில் பிறந்தேன். போர் முடிந்த வருடம் எனக்கு ஆறு வயது. எட்டு வயதில் அம்மாவோடு கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்தேன். எங்கள் முகாம் எண்ணூரைத் தாண்டி, ரயிலில் வடக்கே போனால் வரும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, காலடிப்பேட்டையில் மும்தாஜ் அக்காவின் ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். மற்றதெல்லாம் அந்தக் கடையில் கற்றதுதான். மெஷினிலிருந்து தாள் வெளியே வருவதற்குள் பாதிக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிற ஊர் இது. நல்ல பேச்சு காதில் விழுந்தால், கெட்டுப்போன தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். "ஆதார்ல கீற மூஞ்சிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்லம்மா" என்று ஒருவர் சொன்னதிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம்.

முகாமில் மாதம் ஒருமுறை 'செக்கிங்' நடக்கும். அதிகாரி மேசை போட்டு உட்காருவார். அட்டை வரிசைப்படி நாங்கள் நிற்போம். பெயரைக் கூப்பிட்டால் "இருக்கிறன்" என்று சொல்லி, முன்னால் போய் முகத்தைக் காட்டி, கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் சனத்திடம் இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவர் பெயருக்கு யாரும் குரல் கொடுக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவர் காதில் விழாமல் நின்றால் முழங்கையால் இடிப்பார்களே தவிர, "இந்தா இருக்கிறார்" என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஏன் என்று கேட்பதும் இல்லை. வேறு வரிசைகளில் நின்றுவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

பதினெட்டு வயதுவரை அம்மாவின் பெயரோடு என் தலையையும் எண்ணிவிடுவார்கள். அதன்பிறகு சில வருடங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எப்படியோ சமாளித்தேன். போன ஆடி மாதம் கூட்டம் கூடிவிட்டதென்று ஒலிபெருக்கி வைத்தார்கள். "தங்கராசா நிரோஜா" என்று என் பெயர் அந்தக் குழாயிலிருந்து வந்தது. எனக்குக் கை விரல்கள் மரத்துப் போயின. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்த மாதிரி. பிறகு நான் பார்த்தது அம்மாவின் முகமும் அதற்குப் பின்னால் வேப்பமரமும்தான்.

ராயபுரத்தில் ஒரு மருத்துவமனை. பெயர் இங்கே வேண்டாம். ஐந்து நாள் படுக்கையில் இருந்தேன். நெஞ்சு வலி என்று சொன்னதால் முதலில் இதயத்தைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஈ.சி.ஜி. என்பது நெஞ்சில் ஒட்டுகிற வட்டங்கள் வழியாக இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் கோடாக வரைவது. எக்கோ என்பது ஒலியை அனுப்பி, இதயத்தின் கதவுகள் சரியாக மூடித் திறக்கின்றனவா என்று திரையில் பார்ப்பது. ஹோல்டர் என்றால் ஒரு சின்னப் பெட்டியை இடுப்பில் கட்டி, ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்வது. அதைக் கட்டிக்கொண்டு வார்டில் நடந்தபோது ஒரு ஆயா, "இன்னா பாப்பா, பஸ் கண்டக்டரா?" என்றாள். அந்த ஐந்து நாளில் நான் சிரித்தது அந்த ஒருமுறை.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் வரிசை உண்டு. சீட்டுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, ரிப்போர்ட்டுக்கு ஒன்று. ஐந்து நாளும் எனக்கான வரிசைகளில் அம்மாதான் நின்றாள். முழங்கால் தேய்ந்தவள். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, சுவர் நகர்கிற மாதிரி மெல்ல நகர்ந்துகொண்டிருப்பாள். மும்தாஜ் அக்கா தினமும் கடையை மூடிவிட்டு டிபன் பாக்ஸோடு வருவாள். வெளியே எடுத்த ஒரு ஸ்கேனுக்கு அவள்தான் பணம் கட்டினாள். எவ்வளவு என்று கேட்டால், "நீ எனக்கு எத்தினி தாளு வேஸ்ட் பண்ணிக்கீற, அத்தோட சேத்து கயிச்சிக்கறேன், படு" என்பாள்.

ஐந்தாம் நாள் இதய டாக்டர், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அம்மா அவரை விடவில்லை.

"நல்லா இருந்தா பிறகேன் டாக்டர் பிள்ளை விழுறாள்?"

அவர் ஒரு சீட்டு எழுதி மேல்மாடிக்கு அனுப்பினார். அது மனநலப் பிரிவு. பலகையைப் படித்ததும் அம்மா சேலைத் தலைப்பால் என் முகத்தை மறைத்தாள். காத்திருப்பு அறையில் இருந்த யாருக்கும் என் முகத்தைப் பார்க்கிற ஆர்வம் இல்லை. ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், ஒரு பெண் பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

அங்கே இருந்த பெண் டாக்டர் முப்பது வயதுக்குள் இருப்பார். நாகர்கோவில் பக்கம் போல, பேச்சில் ஒரு இழுவை. அவர் என் இதயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எப்பல்லாம் விழுறீங்க?" என்று மட்டும் கேட்டார். முன்பு பள்ளியிலும் ரேஷன் கடையிலும் விழுந்ததையும் யோசித்துச் சொன்னேன். வரிசை வேண்டும், கூட்டம் வேண்டும், குழாயில் பெயர் கூப்பிட வேண்டும். மூன்றும் சேர்ந்தால் விழுகிறேன்.

எனக்கு வருவது பீதித் தாக்குதல் என்றார். உடம்புக்கு ஆபத்தில்லாத இடத்திலும் உடம்பு ஆபத்து மணியை அடித்துவிடுவது அது. அதற்கு வேர் வேறு எங்கோ இருக்கிறது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் என்பது அந்த வேரின் பெயர். "எப்பவோ நடந்தது முடிஞ்சு போச்சுன்னு மூளைக்கு யாரும் சொல்லல" என்று விளக்கினார். வேரில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு அவர் தோண்டவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆவணி செக்கிங்குக்குப் போனேன். ஒலிபெருக்கி கரகரத்ததும் வேலி வரை ஓடிவிட்டேன். அம்மா மருத்துவமனைச் சீட்டை நீட்டினாள். அதிகாரி நல்ல மனிதர். ஆனாலும் சொன்னார்: "ரெண்டு தரம் சீட்ட வாங்கி வெச்சுக்கிட்டேன். மூணாவது தரமும் ஆளப் பாக்காம நான் டிக் போட முடியாதும்மா. பேரு ஒரு தரம் போயிட்டா திரும்ப ஏத்துறது என் கையில இல்ல."

இந்த நாட்டில் நான் நிற்பதற்குக் காரணம் காட்டுகிற காகிதம் அந்தப் பதிவு ஒன்றுதான். தினமும் அடுத்தவர் அட்டைகளை நகலெடுக்கிறவளுக்கு ஒரு காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புரட்டாசி செக்கிங்குக்கு ஐந்து வாரம் இருந்தது.

கண்ணாடி வந்தது அப்போதுதான். இடம்பெயர்ந்த இளம்பிள்ளைகளுக்காக ஒரு தொண்டு அமைப்பு அந்தக் கருவியையும் கார்த்திக் என்ற இன்ஜினியரையும் அந்தப் பிரிவுக்கு அனுப்பியிருந்தது. டாக்டர் சொன்னார்: "பயம் வர்ற இடத்த விட்டு ஒவ்வொரு தரமும் ஓடினா, ஓடினதாலதான் பொழச்சோம்னு மூளை எழுதி வெச்சுக்கும். இங்க உங்கள அந்த இடத்துல கொஞ்சம் கொஞ்சமா நிக்க வைப்போம். நீங்க நிறுத்தச் சொன்னா நிறுத்திடுவோம். ஓடாம நின்னா பயம் ஏறும், ஒரு இடத்துல நிக்கும், அப்புறம் தானா எறங்கும். எறங்குறத உங்க உடம்பு ஒரு தரம் பாத்துட்டா போதும்."

கண்ணாடியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: நீச்சல் கண்ணாடியைப் பெரிதாக்கி, பின்மண்டையில் பட்டை வைத்தது மாதிரி இருக்கும். மாட்டினதும் இருட்டு, பிறகு வேறொரு இடம். தலையைத் திருப்பினால் அந்த இடம் பின்னாலும் இருக்கும். குனிந்தால் உங்கள் கால் தெரியாது. முதலில் அதற்குத்தான் பழக வேண்டும். கரண்ட் அடிக்காது. பயம் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் உங்கள் நேரம்தான் வீண்.

முதல் நாள் எனக்குக் காட்டியது ஏதோ வெளிநாட்டு வங்கி. கணினியில் செய்த மனிதர்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஒரு ஆட்டோ போகலாம். யாரும் பேசவில்லை, யாரும் தள்ளவில்லை, கைக்குழந்தை இல்லை.

"இப்ப எத்தனை?" என்று கார்த்திக்கின் குரல் கேட்டது.

"ஒண்டு."

"ஒண்ணா? பத்து வரைக்கும் இருக்குங்க."

"இது லைன் மாதிரியே இல்லை தம்பி. ஆரும் என்ர முதுகில மூச்சு விடேல்லையே."

டாக்டர் சிரித்துவிட்டார். கார்த்திக் சிரிக்கவில்லை, குறிப்பு எழுதிக்கொண்டான். அடுத்த வாரம் அனுமதி வாங்கி, நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் படம் பிடிக்கிற உருண்டைக் கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் மாட்டி, கீழே சீட்டு வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினான். என் பெயரை மூன்று தரம் மைக்கில் கூப்பிடும்படி கவுண்டர்காரரிடம் சொல்லி வைத்தான். வரிசையில் நின்றவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தான். "இத கேமரான்னு பாக்காதீங்க. உங்களோட ஒரு ஆளு நிக்குதுன்னு நெனச்சுக்கங்க."

தவறு அங்கேதான் நடந்தது. அவன் அடையாறுப் பக்கத்துப் பையன். ராயபுரத்தில் ஒரு ஆள் நிற்கிறது என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது.

எனக்கு அந்தப் படத்தைப் போட்டபோது முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு வெயில், சுவர், முதுகுகள். எனக்கு முன்னால் கத்தரிப்பூ நிறச் சேலையில், கல்மண்டபத்தில் மீன் விற்கிற மேரி அக்கா நின்றிருந்தாள். பெயரும் தொழிலும் பிறகு தெரிந்தது. திரும்பி நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

"இன்னாமே, தலயும் இல்ல, ஒடம்பும் இல்ல, மூணு காலு மட்டும் வந்து நிக்கிது. இன்னா, சுகரா?"

பின்னாலிருந்து யாரோ, "அதுகிட்ட இன்னாத்துக்கு பேசற, அது படம் புடிக்கிற மிஷினு" என்றார்கள்.

"அந்தத் தம்பிதான ஆளுன்னு சொல்லிட்டுப் போச்சி? ஆளுன்னா ஆளுதான். வெய்யில்ல நிக்காத கண்ணு, இப்டி வா" என்று தன் கூடையின் மூடியை எனக்குக் குடை மாதிரிப் பிடித்தாள். ஒருவர் குறுக்கே நுழையப் பார்த்தார். "யோவ் நைனா, இங்க ஒரு ஆளு நிக்கிது, கண்ணு தெர்ல?" என்று அவரைத் திருப்பி அனுப்பினாள். எனக்குள் எண் நான்கில் இருந்தது. மூச்சு போய் வந்துகொண்டிருந்தது.

பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது. "நிரோஜா... தங்கராசா நிரோஜா."

ஆறு.

வரிசை முழுவதும் தேடத் தொடங்கியது. "யாரும்மா நிரோஜா?" "தூங்கினு கீதா?" "பேர கூப்டறாங்கோ, யாரு பாரு." மறுபடியும் கூப்பிட்டார்கள். மூன்றாம் தரம் கூப்பிட்டதும் மேரி அக்கா என்னைப் பார்த்தாள். கண் விரிந்தது. "அடிப்பாவி, நீதானா அது!" என்றாள். கையை முழுதாக நீட்டி, விரலை என் முகத்துக்கு நேரே வைத்து, கவுண்டர் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"இருக்கு சார்! தோ, இங்க நிக்கிது! இதுதான் நிரோஜா!"

கண்ணாடியை நான் எப்படிக் கழற்றினேன் என்று நினைவில்லை. பட்டை அறுந்திருந்தது. மேசைக்கு அடியில் இருந்தேன். டாக்டர் தரையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். கார்த்திக் வெளுத்துப் போய், "அந்த இடத்த வெட்டிடறேன் மேடம், இன்னிக்கே வெட்டிடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத்தான் டாக்டரிடம் வேரைச் சொன்னேன். இங்கும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சண்டைக்குள்ளிருந்து வெளியே வந்தபோது இராணுவத்தார் எங்களை ஒரு வரிசையில் நிறுத்தினார்கள். வேலி, வெயில், ஒலிபெருக்கி. அப்பா அதற்கு முந்தைய மாதமே செல்லடியில் குண்டு பட்டுப் போய்விட்டார். அம்மா, அண்ணா, நான். பெயர் வருகிற ஆட்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறார்கள் என்று சனம் பேசிக்கொண்டது. அண்ணாவின் பெயர் வந்தது. நிமலன். பதினேழு வயது. அவன் தலையைக் குனிந்து நின்றான். இரண்டாம் தரம் வந்தது. அம்மா அசையவில்லை. மூன்றாம் தரம் வந்தபோது நான் அம்மாவின் இடுப்பிலிருந்து கையை நீட்டி, "இந்தா, அண்ணா இருக்கிறார்!" என்று கத்தினேன். விசாரித்துவிட்டு விடுவோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். அம்மா என்னை அதற்காக ஒரு நாளும் ஏசியதில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததும் இல்லை.

டாக்டர் என்னைத் தேற்றவில்லை. "நீங்க நிறுத்தின இடத்துக்கு அப்புறம் அந்தப் படத்துல இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. பாக்கலாம்னு தோணினா பாக்கலாம். வேண்டாம்னா அழிச்சிடலாம். நீங்கதான் சொல்லணும்" என்றார்.

ஒரு வாரம் நான் போகவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டது. கடையில் நகலெடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே தண்ணி லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. ஆட்களைக் காணோம், காலடிப்பேட்டையில் ஆளுக்குப் பதிலாகக் குடம் நிற்கும். ஒருத்தி வந்து ஒரு பச்சைக் குடத்தைக் காலால் தள்ளினாள். உடனே மும்தாஜ் அக்கா கடைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "ஏ, அது சுலோச்சனா கொடம்! வருவா, வூட்டுல கொயந்த அயுவுது."

எனக்கு என்ன தோன்றியதோ, "அக்கா, அந்த மனுசி என்னைச் சுட்டிக் காட்டினா" என்றேன். படத்தைப் பற்றி அவளுக்கு அரைகுறையாகத் தெரியும். அண்ணாவைப் பற்றித் தெரியாது.

"பேர கூப்ட்டாங்களா?"

"ஓம்."

"நீ கம்னு நின்னியா?"

"நான் இல்லையக்கா, கேமரா."

"எதுவோ ஒண்ணு. கம்னு நின்னா டர்ன் போய்டும்ல? அப்பால திரும்ப மொதல்லருந்து நிக்கணும். பேஜாரு. பக்கத்துல கீறவங்க சொல்லாம பின்ன யாரு சொல்லுவா? கொடத்துக்கே சொல்றோம்" என்றாள். சொல்லிவிட்டு, "அந்த ஆதார ரெண்டு பக்கமும் எடு, தோ அந்தம்மா நின்னுகினு கீறாங்க பாரு" என்று வேலையைப் பார்க்கப் போனாள்.

அன்று மாலையே மருத்துவமனைக்குப் போகக் கல்மண்டபம் பஸ்ஸைப் பிடித்தேன்.

படத்தை ஆரம்பத்திலிருந்து போடச் சொன்னேன். விரல் வந்த இடத்தில் ஒன்பது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் இருந்தேன். கத்தி முடித்த மேரி அக்கா கையை இறக்கினாள். என் பக்கம் குனிந்தாள்.

"போ கண்ணு, உன்னத்தான் கூப்டறாங்கோ." பதில் வராததைப் பார்த்தாள். "ஐய, காலு மூணு கீது, ஒண்ணு கூட நடக்கல!" என்று சொல்லிக்கொண்டே ஸ்டாண்டைத் தூக்கினாள். உலகம் ஆடியது. சுவரும் முகங்களும் சாய்ந்து நிமிர்ந்தன. "பயப்படாத, நான் புட்சிகினு கீறேன். வய்யி வுடுப்பா, வய்யி வுடு, பேரு கூப்ட்ட ஆளு!" வரிசை இரண்டாகப் பிரிந்தது. பின்னாலிருந்து, "அக்கா, அக்கா, கேமரா!" என்று கார்த்திக் ஓடிவருவது கேட்டது. "கேமரான்னா இன்னா, அதுக்கு மட்டும் மாத்திரை வாணாமா?" என்று அவள் திரும்பாமலே சொன்னாள். கவுண்டருக்கு முன்னால் என்னை இறக்கி வைத்து, காலை நேராக்கி, உள்ளே இருந்தவரிடம் சொன்னாள்: "சார், வந்துட்சி. அத்த வுட்டுட்டு அடுத்த ஆள கூப்டாத."

"எத்தனை?" என்றார் டாக்டர்.

"அஞ்சு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "மூண்டு."

இறங்குவதை என் உடம்பு பார்த்துவிட்டது.

அந்தப் பதினைந்து நிமிடப் படத்தை அதன்பிறகு பதினொரு தரம் பார்த்தேன். கூடை மூடியில் எத்தனை ஓட்டை என்று சொல்லுமளவுக்குப் பழகிவிட்டது. நான்காம் வாரம் அம்மா உள்ளே வந்தாள். "நானும் ஒருக்கா பார்க்கட்டோ?" என்றாள். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கண்ணாடியை அம்மாவின் கொண்டைக்கு மேலாக நானே மாட்டிவிட்டேன்.

அம்மா முதலில் காற்றில் கையை வைத்துத் தடவினாள். பிறகு, "ஐயோ, ஆரிந்த மனுசி, என்ன வாய் இது" என்று சிரித்தாள். எனக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். ஒலிபெருக்கி கரகரத்தது எனக்கும் மெல்லக் கேட்டது. அம்மாவின் சிரிப்பு நின்றது. கை மடிக்கு வந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஏழு நிமிடமும் பார்த்தாள். கழற்றியபோது மூக்கில் பட்டை பதிந்த தடம் இருந்தது.

"அவனுக்கு ரெண்டு நாளாச் சாப்பாடில்லை" என்றாள். என்னிடம் சொன்னாளா டாக்டரிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. "பார்சல் போயிடும் எண்டுதான் நீ கத்தினனீ. எனக்கு அது அப்பவே தெரியும், பிள்ளை."

"பிறகேன் அம்மா ஒண்டும் கதைக்கேல்லை?"

"நீ மறந்திட்டாய் எண்டு நினைச்சன். ஞாபகப்படுத்தக் கூடாதெண்டு இருந்திட்டன்."

பதினாறு வருடம் இருவரும் ஒருவரை ஒருவர் பாதுகாத்துக்கொண்டிருந்தோம். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ எழுதினார். கார்த்திக் வயரைச் சுருட்டினான், அவிழ்த்தான், மறுபடி சுருட்டினான்.

புரட்டாசி செக்கிங் சனிக்கிழமை. கண்ணாடி வீட்டுக்குத் தர மாட்டார்கள். வரிசை வேப்பமரம் வரை இருந்தது. அதே மேசை, அதே குழாய். எனக்கு முன்னால் அம்மா, பின்னால் கைக்குழந்தையோடு கலா அக்கா. கலா அக்காவின் மூச்சு என் கழுத்தில் பட்டது. உள்ளங்கை ஈரமாகத் தொடங்கியது. ஐந்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தில் நிற்க எனக்குத் தெரியும்.

அம்மாவின் பெயர் வந்தது. போய்விட்டு வந்து ஓரமாக நின்றாள். சட்டம் தெரிந்தவள், உதட்டைக் கூட அசைக்கவில்லை. சுவர் இல்லாததால் தன் முழங்காலையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கராசா நிரோஜா."

மூச்சு போனது. வெளியே வரவில்லை. எட்டு. அதிகாரி தலையைத் தூக்கி வரிசையைப் பார்த்தார். பேனா பதிவேட்டின் மேல் நின்றது. "தங்கராசா நிரோஜா" என்று குழாய் மறுபடி கரகரத்தது. ஏறும், நிற்கும், இறங்கும். நான் ஓடவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தேன். இரண்டு கால் இருந்தது. இரண்டும் தெரிந்தது.

"இருக்கிறன்" என்றேன். எனக்கே கேட்காத குரல். அதனால் இன்னொரு தரம் சொன்னேன். "இருக்கிறன் ஐயா."

போய் முகத்தைக் காட்டினேன். அவர் ஒரு கணம் பார்த்தார். "வந்துட்டியாம்மா" என்றார். கையெழுத்துப் போட்டேன். என் பெயரில் வளைவு கொஞ்சம் நடுங்கியிருந்தது, மற்றபடி என் பெயர்தான்.

திரும்பி நடக்கும்போது அடுத்த பெயர் வந்தது. "செல்வரத்தினம் கலா." குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. கலா அக்கா குனிந்து அதன் வாயில் எதையோ வைக்கப் பார்த்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரம் வந்தது. வரிசையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவளுக்குப் பின்னால் நின்றவர் முழங்கையால் இடிக்கப் பார்த்து, குழந்தையின் தலை நடுவில் இருந்ததால் கையை இழுத்துக்கொண்டார்.

மூன்றாம் தரம் குழாய் கரகரத்தது.

நான் கையை முழுதாக நீட்டினேன்.

"இருக்கிறா ஐயா! இந்தா, இங்க நிக்கிறா. பிள்ளை அழுகுது. கலா அக்கா, போங்கோ, உங்களைத்தான் கூப்பிடினம். குழந்தையை இப்பிடித் தாங்கோ, நான் வச்சிருக்கிறன்."